டிரெய்லரா, படுக்கை போட்ட காரா? கேலிப்பர் காலோடு தனியே சுற்றுபவளின் கணக்கு

வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வண்டியிலேயே இருக்கிறேன் என்று சொன்னால் இரண்டு கேள்விகள் வரும். "தனியாகவா?" என்பது ஒன்று. அதற்கு ஆமாம் என்பதோடு சரி. "கேரவன் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சின்ன வீடு) வாங்கியிருக்கலாமே?" என்பது அடுத்தது. அதற்குத்தான் இவ்வளவும்.

என் நிலைமை: சின்ன வயதில் போலியோ. வலது காலில் தொடை வரை கேலிப்பர் (காலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பிக் கட்டு, நிற்கும்போது முட்டியில் பூட்டிக்கொள்ளும்), இடது கால் சுமார், கையில் ஓர் ஊன்றுகோல். கடைகளுக்குக் கணக்கு எழுதி வரி தாக்கல் செய்வது தொழில் என்பதால் லேப்டாப்பும் சிக்னலும் இருந்தால் பிழைப்பு ஓடும். சுற்றுவதெல்லாம் பாலக்காட்டின் கிழக்கு ஓரம்: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொல்லங்கோடு, எல்லை தாண்டினால் பொள்ளாச்சி. மாதத்துக்கு ஒரு தடவையாவது அக்கா வீட்டில் போய் விழுந்து நன்றாகத் தூங்கிவிட்டு வருவேன். அதையும் சேர்த்துத்தான் முழுநேரம் என்கிறேன்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போய் லாட்ஜில் தங்குவது மூன்றாவது வழி. செலவு குறைவு, சந்து பொந்தெல்லாம் போகும். ஆனால் மழை வந்தால் நனைய வேண்டும். லாட்ஜில் கீழ்த்தளத்து அறையும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் சேர்ந்து கிடைப்பது அதிர்ஷ்டம். ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்குச் சரி, குடியிருக்க ஆகாது.

ஆக, போட்டி டிரெய்லருக்கும் காருக்கும்தான். நான் எடுத்தது வேகன்ஆர் ஆட்டோ கியர் வண்டி, கையால் ஓட்டும் அமைப்போடு. என் வண்டியில் கம்பியைத் தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்சிலேட்டர். பின்சீட்டை மடக்கி, பக்கத்து சீட்டைச் சாய்த்து, மேலே மடக்குப் பலகை, அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தை. அவ்வளவுதான் வீடு.

டிரெய்லரின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்த அண்ணன் ஒருவர் கட்டி வைத்திருக்கும் டிரெய்லரில் தங்கியிருக்கிறேன், இழுத்து ஓட்டியதில்லை. உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். கேலிப்பர் போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். எழுந்து நின்றால்தானே முட்டிப் பூட்டு விழும்? கழிப்பறை உள்ளேயே. குளிக்கலாம், கதவைச் சாத்திக்கொண்டு துணி மாற்றலாம். காரில் இந்த மூன்றும் பாடுதான். பின்கதவைத் தூக்கித் திரை கட்டி மடக்கு கமோடு வைத்துக்கொள்கிறேன். குளிப்பதற்குத் தெரிந்தவர்கள் வீடுகள் உண்டு. இல்லாவிட்டால் கேரளப் பக்கம் உள்ளாட்சிகள் நடத்தும் 'டேக் எ பிரேக்' ஓய்விடங்கள். படியில்லாத இடம் எது, கைப்பிடி இருக்கும் இடம் எது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வெயிலிலும் டிரெய்லருக்குத்தான் வெற்றி. மார்ச், ஏப்ரலில் பாலக்காடு 40 டிகிரியைத் தொடும்போது காருக்குள் உட்கார முடியாது. அப்போது நான் வால்பாறைக்கு ஏறிவிடுவேன். அங்கேதான் டிரெய்லர் சறுக்குகிறது: ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ் எடுக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலமான திறப்பு. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று முழுக்க அதன் வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. உயரமான, எடை குறைந்த பெட்டியைக் காற்று பக்கவாட்டில் பிடித்தால் அது முன்வண்டியையும் சேர்த்து ஆட்டும். பழகியவர்கள் சமாளிக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு கால் இருக்கிறது, போகட்டும்.

இப்போது முக்கியமான இடம். வண்டியை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஒரு நாளில் எத்தனை தடவை கீழே இறங்க வேண்டும்?

டிரெய்லரோடு ஓரிடத்தில் இரவு தங்க என்னென்ன செய்ய வேண்டும் என்று அந்த அண்ணன் செய்வதைப் பார்த்தேன். இறங்கி வந்து சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரத்தைச் சுற்றி இறக்குகிறார். கொக்கியைக் கழற்றி, சங்கிலியை எடுத்து, லைட்டுக்கான பிளக்கைப் பிடுங்குகிறார். பிறகு நான்கு மூலையிலும் முட்டிபோட்டு முட்டுக்கால் இறக்குகிறார். அப்புறம்தான் படியேறி உள்ளே போக முடியும். காலையில் எல்லாம் தலைகீழ். ஒரே இரவுதான் என்றால் கொக்கியைக் கழற்றாமல் விடலாம், ஆனாலும் காரிலிருந்து இறங்கி நடந்து படியேறியே ஆக வேண்டும். எனக்கு முட்டிபோட வராது. ஒவ்வொரு இறக்கமும் பூட்டு போட்டு, ஊன்றி, தரை ஈரமா என்று பார்த்து வைக்கும் அடி. அதோடு, இழுக்கிற வண்டி பெரியதாக இருக்க வேண்டும். பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளின் சீட் உயரத்துக்கு நான் ஏறுவதே ஒரு வேலை. வேகன்ஆர் சீட்டில் ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். உட்கார்ந்து காலை எடுத்து உள்ளே வைத்தால் போதும்.

இரவில்தான் இந்தக் கணக்கு முழுசாகப் புரியும். தூங்கும்போது கேலிப்பரைக் கழற்றிவிடுவோம். நள்ளிரவில் யாரோ கதவைத் தட்டினால் டிரெய்லரில் இருப்பவள் எழுந்து, கேலிப்பர் மாட்டி, பெல்ட் இறுக்கி, படியிறங்கி, அந்த ஆளைத் தாண்டித்தான் ஸ்டியரிங்குக்குப் போக முடியும். என் காரில் கியருக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் மேலே ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறேன். அதன் மேல் உட்கார்ந்தபடியே நகர்ந்து ஓட்டுநர் சீட்டுக்கு வந்து, பலகையை எடுத்துப் பக்கத்தில் போட்டால் ஆயிற்று. கையால் ஓட்டுவதால் கேலிப்பரே தேவையில்லை. கதவைத் திறக்காமல் கிளம்பிவிடலாம். கிளம்பியும் இருக்கிறேன், தட்டியவர் நல்லவரா கெட்டவரா என்று நின்று விசாரிக்கவில்லை.

எங்கே நிறுத்துகிறேன் என்பதும் இதில் சேரும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அதனால் கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கத்துக் கள்ளுக்கடைகளுக்கு மாலையில் எல்லை தாண்டி வருகிற கூட்டம் உண்டு. அந்த வரிசையில் நிறுத்த மாட்டேன். ஆனால் கள் இறக்குகிற தென்னந்தோப்புகள் நல்ல இடம். விடியும் முன்பே மரமேறிகள் வந்துவிடுவார்கள், தோப்புக்காரர் தெரிந்தவராக இருப்பார். இல்லையென்றால் இரவு முழுக்க ஆள் நடமாடுகிற பெட்ரோல் பங்க். "அம்மிணி, பேசாம ஒரு ரூம் எடுத்துத் தங்கலாமுங்களே" என்று கேட்கிற மேனேஜர்கள்தான் பெரும்பாலும் நம்பிக்கையானவர்கள். வாளையார் பக்கம் காட்டோரத்தில் இரவு தங்குவதில்லை, யானை நடமாட்டம் உண்டு.

கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது, வாகமணில் முதல் கேரவன் பூங்காவும் வந்தது. பார்க்க அழகு. ஆனால் அது வாடகைக் கேரவனில் விடுமுறைக்கு வருபவர்களை மனதில் வைத்த ஏற்பாடு. மாதக்கணக்கில் வண்டியில் வாழும் எனக்கு அதனால் டிரெய்லர் எளிதாகிவிடவில்லை.

காகித வேலை இரண்டுக்கும் உண்டு. டிரெய்லர் சட்டப்படி தனி மோட்டார் வாகனம், தனிப் பதிவு எண் வேண்டும். காரில் கை அமைப்பைப் பொருத்தினால் ஆர்சியில் ஏற்றி, மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டி என்று பதிய வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். அப்படிப் பதிந்த வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தில் விலக்கு உண்டு, அதற்கான தனி ஃபாஸ்டேக் வாங்கினால் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியைக் காசில்லாமல் கடக்கலாம். ஜிஎஸ்டி சலுகையைப் பெரிதாக நம்ப வேண்டாம். முன்பு மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 28 சதவீதம் 18 ஆகக் குறைந்தது, 2025 செப்டம்பருக்குப் பிறகு சிறிய கார்களுக்கு எல்லாருக்குமே 18தான்.

நான் சொல்வது நிற்க முடிகிற, கையில் பலம் இருக்கிற ஒருத்தியின் கணக்கு. முழுநேரம் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இந்தக் காருக்குள் திரும்பவே இடமிருக்காது, சாய்தளம் வைத்த பெரிய வேன்தான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு அனுபவம் இல்லை. அதேபோல, ஒரே தோப்பில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போகிறவர், கொக்கி மாட்டிவிட ஆள் இருப்பவர், டிரெய்லர் எடுங்கள். வசதியில் அதை அடிக்க முடியாது.

கார் என்று முடிவானால், வாங்கும் முன் ஷோரூமிலேயே கேலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுநர் சீட்டிலிருந்து பின்னால் நகர்ந்து பாருங்கள். இரண்டு, மூன்று மாடலில் செய்து பாருங்கள். விற்பனைப் பையன் முழிப்பான், முழிக்கட்டும்.