ஈ.எச்.டி. பொரிகிறதா? பூசுவதா, மாற்றுவதா, பழசு போடுவதா

அடைமழை மாதங்களில் பழைய ட்யூப் டிவி 'டிக் டிக்' என்று பொரிந்தால் உடனே ஈ.எச்.டி. (பிக்சர் ட்யூபுக்கு உயர் வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர்) வாங்க ஓட வேண்டாம். வேதாரண்யம், நாகைப் பக்கத்து உப்புக் காற்றில் ஈ.எச்.டி. ஒயர் ட்யூபில் சேருமிடத்திலுள்ள ரப்பர் கப்பைச் சுற்றிப் படிந்த தூசு ஈரம் குடித்து, 20 கிலோவோல்ட்டுக்கு மேலுள்ள மின்சாரத்தைக் கசியவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிட்டாலே பல செட் அடங்கிவிடும்.

துடைக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்க்ரூடிரைவரை ட்யூபின் முதுகில் ஓடும் எர்த் கம்பியோடு முதலில் கட்டி, அப்புறம் கப்புக்குள் நுழைக்க வேண்டும். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை. ட்யூபில் சார்ஜ் திரும்ப ஏறும். பவர் சப்ளையின் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட் தனியாக நிற்கும், அதையும் மறக்காதீர்கள்.

அப்படியும் பொரிந்தால் டிவியை ஆன் செய்து, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். நீலப்பொறி ஈ.எச்.டி. உடம்பிலிருந்தே கிளம்பினால் மூன்று வழி.

பூசுவது: செலவு சொற்பம். ஊசித்துளை அளவு ஓட்டைக்குத்தான் சரி. கருகிய தடம் கார்பன், அதுவே மின்சாரம் கடத்தும். முழுக்கச் சுரண்டிய பிறகே எபாக்சி. குமிழி விழுந்தால் அங்கேயே மறுபடி துளைக்கும். ஒரு நாள் காயட்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும், வேண்டாம். உள்ளே கம்பிச் சுற்று ஷார்ட்டாகியிருந்தால் பூச்சு வீண்: நல்ல லைன் டிரான்சிஸ்டர் (ஈ.எச்.டி.யை இயக்குவது) போட்டும், டிவிக்கு வரும் கரண்ட் பாதையில் தொடராக மாட்டிய 100 வாட் சீரிஸ் பல்பு முழுசாக எரியும்.

புதுசு: உடம்பில் இருக்கும் நம்பரே வேண்டும். "பத்து பின்தானே, எல்லாம் ஒன்றுதான்" என்று கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். ஏ.பி.எல். (படத்தின் வெளிச்சம் எல்லை மீறாமல் காப்பது), ஹீட்டர் (ட்யூபின் உள்ளே சூடேற்றும் இழை) பின்கள் இடம் மாறும். ஹீட்டருக்குக் கூடுதல் வோல்ட் போனால் ட்யூபின் ஆயுளே போய்விடும். மாட்டிய பிறகு ஈ.எச்.டி. உடம்பிலுள்ள ஸ்க்ரீன் கன்ட்ரோலைக் குறைத்து வைத்தே ஆன் செய்யவும்.

காயலான் கடைப் பழசு: அதே சூட்டில், அதே ஈரத்தில் கிடந்த சரக்கு. நம்பர் வேறெங்கும் கிடைக்காதபோது மட்டும்.

என் ஓட்டு புதுசுக்கே. ஆனால் எதைப் போட்டாலும், லைன் டிரான்சிஸ்டர் பக்கத்திலுள்ள 1600 வோல்ட் கண்டென்சரைக் கழற்றி அளந்துவிடுங்கள். அதன் மதிப்பு இறங்கினால் ஈ.எச்.டி. வோல்ட் எகிறும், புதுசும் துளைபடும். பி பிளஸ்ஸும் (பவர் சப்ளை லைன் பகுதிக்குத் தரும் டி.சி. வோல்ட்) போர்டில் அச்சடித்த அளவிலேயே நிற்க வேண்டும்; 110 என்றிருக்குமிடத்தில் 130 வந்தால் பவர் சப்ளையைச் சரிசெய்யாமல் ஈ.எச்.டி.யைத் தொடாதீர்கள்.