கிரிப்டோ அனுப்பும்போது எந்த வழி எதை மறைக்கும்? வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்கான ஒப்பீடு

காட்பாடியில் அறை எடுத்துத் தங்கி வெளிநாட்டுக்குக் கோடிங் செய்து கொடுக்கும் ஒரு பையன். ஆம்பூரில் வீட்டிலிருந்தே ஷூ பேட்டர்ன் வரைந்து அனுப்பும் ஒரு பெண். இருவருக்கும் வரும்படியில் ஒரு பகுதி கிரிப்டோவாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தங்கள் கணக்கை இவர்கள் யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும்? வரித்துறையிடம் மறைக்க வழி தேடுபவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. 2023 மார்ச்சில் கிரிப்டோ சேவை நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. அடையாள ஆவணம் கொடுக்காமல், கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் பதிவுபெற்ற எக்ஸ்சேஞ்சில் கணக்கு நடத்த முடியாது. நான் யோசிப்பது வேறு மூன்று பேரைப் பற்றி: வேலை கொடுக்கும் கிளையன்ட், கைமாத்து கொடுத்த பங்காளி, காயினை ரூபாயாக்கித் தரும் முன்பின் தெரியாத ஆள்.

நம்மூரில் பலரும் கையில் எடுப்பது ட்ரான் வலைப்பின்னலில் ஓடும் யூஎஸ்டிடி. டாலர் மதிப்பு, பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது, கிளையன்டுக்கும் சுலபம். அந்தரங்கத்தைப் பொறுத்தவரை பட்டியலிலேயே மோசமானது இதுதான். ஒரே முகவரி, வருவது போவது எல்லாம் அதில்தான், அதுவும் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில். பங்காளியிடம் வாங்கிய இருநூறு டாலரை அந்த முகவரியிலிருந்து திருப்பி அனுப்பினால், மீதி எவ்வளவு இருக்கிறது, எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று அவர் மொபைலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். பாஸ்புக்கைப் பழைய பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டி வைத்ததற்குச் சமம். வேறு வேறு முகவரி வைத்துக்கொண்டாலும் கட்டணத்துக்கு ட்ரான் காயின் வேண்டும். அதை எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து ஊற்றினால் முடிச்சு மறுபடி விழுந்துவிடும். போதாததற்கு, நாம் அடிக்கடி அனுப்பும் முகவரியைப் போலவே முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் உள்ள போலி முகவரியிலிருந்து சில்லறைத் தொகையைப் போட்டு, அடுத்த முறை நாம் அதை நகலெடுப்போம் என்று காத்திருக்கும் மோசடியும் இங்கே சகஜம். கணக்கு வெளியே தெரிவதால்தான் அந்த வேலையே நடக்கிறது.

பிட்காயினும் திறந்த பேரேடுதான். ஆனால் கொஞ்சம் கவனம் இருந்தால் நிலைமை நிறைய மாறும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி, அதாவது புது முகவரி, பயன்படுத்துங்கள் என்று பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோவின் 2008 வெள்ளை அறிக்கையிலேயே இருக்கிறது. காயினை வைத்திருந்து அனுப்ப உதவும் செயலிகளான இன்றைய வாலட்டுகள் புது முகவரியைத் தாமாகவே கொடுக்கின்றன. ஓட்டை வேறு இடத்தில். இரண்டு முகவரியில் இருக்கும் தொகையைச் சேர்த்து ஒருவருக்கு அனுப்பினால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று பார்ப்பவர் ஊகித்துவிடுவார். மீதிச் சில்லறை திரும்பி வரும் புது முகவரியும் அந்தச் சங்கிலியில் சேர்ந்துவிடும். இதற்குத்தான் ஸ்பாரோ, எலக்ட்ரம் மாதிரியான வாலட்டுகளில் காயின் கன்ட்ரோல் இருக்கிறது: தனித்தனியாக வந்த தொகைகளில் எந்தத் துண்டை எடுத்துச் செலவு செய்வது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். கிளையன்ட் கொடுத்தது தனி, எக்ஸ்சேஞ்சில் வாங்கியது தனி என்று பெயர் எழுதி வைத்துக்கொண்டு கலக்காமல் செலவழித்தாலே பாதி வேலை முடிந்தது. காசு செலவில்லாத, சட்டத்தில் யாரும் கேள்வி கேட்காத வழி. இதைச் செய்யாமல் பெரிய வித்தைகளைத் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இன்னொரு கசிவும் உண்டு. வாலட் தன் இருப்பைத் தெரிந்துகொள்ள யாரோ ஒருவருடைய சர்வரைக் கேட்கிறது. உங்கள் முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று அந்த சர்வருக்குத் தெரியும், இணைய (ஐபி) முகவரியும் தெரியும். பேரேட்டை நம் கணினியிலேயே இறக்கிச் சரிபார்க்கும் சொந்த நோடு ஓட்டினால் இது போகும். முழுப் பேரேடு 600 ஜிபிக்கு மேல். பழையதை அழித்துக்கொண்டே போகும் முறையில் வட்டு இடம் மிச்சமாகும், பதிவிறக்கம் மிச்சமாகாது. அது முடியாதவர்கள் டோர் என்ற மறைவு வலைப்பின்னல் வழியாக இணைத்தால் இணைய முகவரியாவது மறையும்.

கலப்பு முறைக்கு வருவோம். கிரெகரி மேக்ஸ்வெல் 2013-ல் முன்வைத்த காயின்ஜாயினில் பலர் சேர்ந்து ஒரே பரிவர்த்தனை செய்வார்கள். வெளியே வருவது எல்லாம் ஒரே அளவுத் துண்டு, எது யாருடையது என்று சொல்ல முடியாது. தொழில்நுட்பமாக நல்ல யோசனை. ஆனால் 2024 ஏப்ரலில் இந்தக் கலப்பைச் செய்துகொடுத்த சாமுராய் வாலட்டின் நிறுவனர்கள் கைதானார்கள், ஜூனில் வசாபி வாலட்டை நடத்திய நிறுவனம் தன் கலப்புச் சேவையை நிறுத்தியது. எத்தீரியத்தில் ஓடும் கலப்புச் சேவையான டொர்னாடோ கேஷ் மேல் 2022 ஆகஸ்டில் அமெரிக்கா போட்ட தடை 2025 மார்ச்சில்தான் நீங்கியது. கலந்தது கண்ணுக்குத் தெரியும். யாருடையது என்பதுதான் தெரியாது. அப்படி வந்த காயினை எக்ஸ்சேஞ்சில் போட்டால் விளக்கம் கேட்டு நிறுத்தி வைக்கலாம். சம்பளப் பணத்துக்கு இந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கருத்து.

பிட்காயினுக்கு மேலே ஓடும் லைட்னிங் வலைப்பின்னலில் சின்னத் தொகைகள் பேரேட்டில் தனித்தனியாக ஏறுவதில்லை. இருவருக்கு இடையே பணம் ஓடும் சானலைத் திறப்பதும் மூடுவதும்தான் ஏறும். அனுப்புபவருக்கு நல்ல மறைவு: வழியில் இருக்கும் நோடுகளுக்கு முன்னால் இருப்பவரும் அடுத்தவரும் மட்டுமே தெரியும். வாங்குபவருக்கு அவ்வளவு இல்லை, இன்வாய்ஸிலேயே அவருடைய நோடின் அடையாளம் போய்விடலாம். சாவியை நிறுவனமே வைத்திருக்கும் வாலட் என்றால் அந்த நிறுவனத்துக்கு எல்லாம் தெரியும். நண்பர்களுக்குள் கைமாற்றிக்கொள்ள இது போதும்.

மொனீரோ என்ற காயின் வேறு ரகம். 2014-ல் தொடங்கியது, மறைப்பு விருப்பத் தேர்வாக இல்லாமல் கட்டாயமாகவே இருக்கிறது. அனுப்புபவருடைய உண்மையான துண்டோடு 15 போலித் துண்டுகள் சேர்ந்து நிற்கும், வாங்குபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே தடவை பயன்படும் புது முகவரி, தொகையும் மறைந்திருக்கும். பங்காளிக்கு அனுப்பினால் இந்தத் தொகை வந்தது என்பதைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. 2016-ல் வந்த ஸீகேஷ் என்ற காயினின் மறைப்பு முறை கணிதமாக இன்னும் பலமானது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அதில் திறந்த முகவரியும் உண்டு, மூடிய முகவரியும் உண்டு. மூடியதற்குள் ஒரு தொகையைப் போட்டு அதே தொகையைக் கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்தால் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். பயன்படுத்துபவரின் பழக்கத்தை நம்பாத மொனீரோவுக்கே என் ஓட்டு.

அப்புறம் ஏன் எல்லோரும் அதற்கு மாறவில்லை? ரூபாயாக்கும் இடத்தில்தான் சிக்கல். பெரிய எக்ஸ்சேஞ்சான பினான்ஸ் 2024 பிப்ரவரியில் மொனீரோவை நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 ஜூலை முதல் சேவை நிறுவனங்கள் இவ்வகைக் காயின்களைக் கையாள முடியாது. இங்கே இன்னொரு கணக்கும் உண்டு: பிட்காயினை மொனீரோவாக மாற்றுவதே ஒரு விற்பனை. லாபம் இருந்தால் 30% வரி, அதற்கு மேல் செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. 2022 ஜூலை முதல் 1% டிடிஎஸ்ஸும் இருக்கிறது. மறைவுக்காக அடிக்கடி மாற்றிக்கொண்டிருந்தால் வரிக்கணக்கு நீளும்.

எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், நேரடியாக ஆளுக்கு ஆள் விற்கலாம் என்றால் அது அந்தரங்கத்துக்கு நேர் எதிரி. யாரென்றே தெரியாதவருக்கு உங்கள் பெயரும் வங்கிக் கணக்கும் போகிறது. அவர் போடும் பணம் சைபர் மோசடியில் சுருட்டியதாக இருந்தால், புகார் வந்ததும் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. மாதக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

ஆகவே காட்பாடிப் பையனுக்கு: கிளையன்ட் ஒப்புக்கொண்டால் பிட்காயின், கிளையன்டுக்கு ஒரு முகவரி வீதம் இல்லாமல் பில்லுக்கு ஒரு முகவரி, காயின் கன்ட்ரோல், ரூபாயாக்க பதிவுபெற்ற எக்ஸ்சேஞ்ச். ஆம்பூர்ப் பெண்ணுக்கு யூஎஸ்டிடிதான் வரும் என்றால், வாங்கும் முகவரியிலிருந்து யாருக்கும் நேரடியாக அனுப்பாமல் எக்ஸ்சேஞ்சுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரூபாயாகக் கொடுப்பது நல்லது. மொனீரோ வைத்திருப்பவர்கள் ஆடிட்டருக்கு, கணக்கைப் பார்க்க மட்டும் உதவும் பார்வைச் சாவியைக் கொடுக்கலாம். அதை வைத்து யாரும் செலவு செய்ய முடியாது. அதில் வந்த பணம் தெரியும், போனது சரியாகத் தெரியாது. அனுப்பியவற்றுக்கு வாலட் தரும் பரிவர்த்தனைச் சான்றைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.