இடுப்பு மூட்டு மாற்று: சிமென்ட் வைத்ததா, இல்லாததா?

வீட்டில் யாருக்காவது இடுப்பு மூட்டு மாற்றவேண்டும் என்றதும் எல்லோரும் கேட்பது இதைத்தான்: எது அதிக வருடம் உழைக்கும்?

பிடிமானம்: சிமென்ட் என்பது மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் ஒருவகைப் பிளாஸ்டிக் கலவை, அது சில நிமிடங்களில் இறுகிவிடும். சிமென்ட் இல்லாததில் மூட்டின் சொரசொரப்பான டைட்டானியத்துக்குள் எலும்பே வளர்ந்து பிடிக்கவேண்டும், அதற்குச் சில வாரம், மாதம் ஆகும்.

ஆயுள்: 1960-களில் இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி பொருத்திய சிமென்ட் மூட்டுகளில் பல 25 வருடம் தாண்டின. 1986-ல் பிரான்சில் வந்த, ஹைட்ராக்சிஅபடைட் (எலும்பில் இருக்கும் தாது போன்றது) பூசிய, சிமென்ட் இல்லாத கோரைல் தண்டும் (தண்டு என்பது தொடை எலும்புக்குள் இறங்கும் பகுதி) 20 வருடத்துக்குமேல் நன்றாகவே நிற்கிறது. பழைய சிமென்ட் இல்லாத மூட்டுகள் பல கெட்டதற்குத் தண்டைவிடக் இடுப்பெலும்புப் பக்கம் பொருத்தும் கிண்ணத்துப் பிளாஸ்டிக் தேய்ந்ததே பெரிய காரணம், அந்தத் துகள்தான் சுற்றியுள்ள எலும்பை அரித்தது. இப்போதைய கிண்ணத்துப் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் மிகக் குறைவாகவே தேய்கிறது.

ஆபத்து: சிமென்ட் இல்லாத தண்டை அடித்து இறக்கும்போது மெலிந்த எலும்பு விரிசல் விடலாம். சிமென்ட் வைக்கும் நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கலாம், கடுமையாக இறங்குவது அபூர்வம்.

விலை: பெரும்பாலும் சிமென்ட் வகை குறைவு.

சரி, யாருக்கு எது? 75 தாண்டிய, எலும்பு மெலிந்தவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, தண்டுக்கு சிமென்ட்டே மேல். 60-க்குக் கீழே, எலும்பு கெட்டியாக இருந்தால் சிமென்ட் இல்லாதது. அப்புறம், உங்கள் டாக்டருக்கு எதில் கை பழகியிருக்கிறது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.