கடலைப் புண்ணாக்கா, பஞ்சகவ்யமா?

ஈரோட்டில் நாலு தக்காளித் தொட்டி வைத்திருப்பவருக்கு உரமாக நான் சொல்வது கடலைப் புண்ணாக்குதான். செக்குக்குப் போனால் கால் கிலோ கூடத் தருவார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 7 சதவீதம். ஒரு கைப்பிடியை மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, பத்து மடங்கு தண்ணீர் கலந்து 15 நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுங்கள். நாற்றம் அடிக்கும், ஆனால் இலை கரும்பச்சையாகிவிடும். காய்ந்த தூளை அப்படியே போட வேண்டாம், எறும்பு மொய்க்கும்.

பசுவிடமிருந்து கிடைக்கும் ஐந்து பொருள்களைப் புளிக்கவைத்துச் செய்யும் பஞ்சகவ்யம் கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பியது. லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளித்தால் பூ நன்றாகப் பிடிக்கும். ஆனால் தயாராக மூன்று வாரம் ஆகும். அப்புறம் பால், தயிர், நெய் செலவு வேறு. கட்டுத்தறியில் மாடு நிற்கும் தோட்டத்து வீட்டுக்குத்தான் அது கட்டுப்படியாகும்.