ரோமா, பாரிஸா? தனியாகப் போகும் சைவச் சாப்பாட்டுக்காரருக்கு

ஏப்ரலில் ஐந்து நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. கூட வர ஆளில்லை. கையில் ஷெங்கன் விசா இருந்தது. பாரிஸா, ரோமா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ரோமுக்கு டிக்கெட் போட்டேன். பாரிஸுக்கு அலுவலக வேலையாக முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். வேலை முடிந்த பிறகு மூன்று ராத்திரி அங்கே தனியாகத் தங்கினேன். அந்த மூன்று ராத்திரிதான் இந்த முடிவை எடுக்க வைத்தது.

பார்க்க வேண்டிய இடங்களை வைத்து ஒப்பிடப் போவதில்லை. கொலோசியமும் ஐஃபில் கோபுரமும் எங்கேயும் ஓடிவிடாது. காலைச் சாப்பாட்டிலும் பெரிய வித்தியாசம் இல்லை: இரண்டு ஊரிலும் ரொட்டி, காபி, பழம். இறைச்சி, மீன் தொடமாட்டேன். முட்டையும் சாப்பிடுவதில்லை, ஆனால் கேக்குக்குள் கலந்துவிட்ட முட்டைக்குக் கண்ணை மூடிக்கொள்வேன். மதியம் எதையாவது கொறித்துக்கொண்டே நடந்துவிடலாம். சிக்கல் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறது. நாள் முழுக்க நடந்து கால் கெஞ்சும். சூடாக ஏதாவது வேண்டும். தனியாள்.

பாரிஸில் இந்த நேரம் எப்படிப் போகும் என்றால், முதலில் வாசலில் மாட்டியிருக்கும் மெனுவை நின்று படிக்க வேண்டும். இருபது வரியில் நமக்கென்று ஒன்றோ இரண்டோ தேறும். வெங்காய சூப் என்று ஆசையாகப் போனால் அது மாட்டிறைச்சிச் சாறில் கொதித்தது. பக்வீட் என்ற தானிய மாவில் சுடும் கலெத், அவர்களுடைய கறுப்பு தோசை, நன்றாக இருக்கும், ஆனால் பிரபலமான 'கொம்ப்ளேத்' வகையில் பன்றித் தொடையும் முட்டையும் உண்டு. ஒரு ராத்திரி ஆட்டுப்பால் சீஸ் சாலட் கேட்டேன். இரண்டு ஜோடிகளுக்கு நடுவே முழங்கை இடிக்கும் ஒரு குட்டி மேஜை. பாதி சாப்பிட்ட பிறகுதான் கீரை இலைக்கு அடியில் இளஞ்சிவப்பாகத் துண்டு துண்டாக ஏதோ தெரிந்தது. தக்காளி என்று நினைத்தேன். பன்றிக்கறி. பரிமாறியவரிடம் சொன்னபோது, "அது கொஞ்சம்தானே" என்றார். மனிதர் கெட்டவர் இல்லை; அவர் கணக்கில் அது இறைச்சியே இல்லை, உப்பு மாதிரி ஒரு சேர்மானம்.

ரோமில் இதே எட்டு மணிக்கு நான் யாரிடமும் கெஞ்சவில்லை. காரணம் 'பீட்சா அல் தால்யோ'. தட்டில் வட்டமாக வரும் பீட்சா இல்லை இது. நீளமான இரும்புத் தட்டுகளில் சுட்டு, கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வைத்திருப்பார்கள். எடைக்கு விற்பது; விலைப் பலகையில் கிலோவுக்கு இவ்வளவு, அல்லது 'எத்தோ'வுக்கு இவ்வளவு என்றிருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். விரலால் காட்ட வேண்டியதுதான். கடைக்காரர் கத்தியைப் பீட்சா மேல் வைத்து நம் முகத்தைப் பார்ப்பார்: இவ்வளவு போதுமா? கத்தியை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லலாம், அந்தப் பக்கம் தள்ளச் சொல்லலாம். நம்மூரில் அல்வாக் கடையில் நடக்கும் அதே பேரம். பிறகு கத்தரிக்கோலால் சரக் சரக்கென்று வெட்டி, தராசில் போட்டு, சூடு பண்ணி, காகிதத்தில் வைத்துக் கையில் கொடுத்துவிடுவார். 250 கிராம் எனக்கு வயிறு நிறையப் போதும். 5, 6 யூரோவுக்குள் முடிந்துவிடும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், மேஜை இல்லை. "எத்தனை பேர்?" என்ற கேள்வி இல்லை. அங்கே எல்லோரும் தனியாகத்தான் நின்று தின்கிறார்கள்: பள்ளிப் பையன், தபால்காரர், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிய பெண். என்ன போட்டிருக்கிறது என்பதும் கண்ணுக்கு நேரே தெரிகிறது. பெயரைப் படித்து ஊகிக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் தூவிய 'கோன் பத்தாத்தே' எனக்கு நான்கு ராத்திரியும் அலுக்கவில்லை. வெறும் தக்காளிச் சாறு தடவிய 'ரோஸா' இன்னும் எளிது.

கண்ணை மட்டும் நம்பினாலும் ஆபத்து உண்டு, சொல்லிவிடுகிறேன். பூசணிப்பூ போட்ட பீட்சா மஞ்சளும் பச்சையுமாக நம்மைக் கூப்பிடும். அதில் வழக்கமாக நெத்திலி இருக்கும். சுப்ளி என்ற சோற்று உருண்டைக்குள் கறி கலந்த சாறு. புந்தரெல்லே என்ற பச்சைக் கீரை சாலட்டிலும் நெத்திலிதான் சேர்மானம். மாறாக 'மரினாரா' என்று கடல் வாசனையோடு பெயர் வைத்த பீட்சாவில் மீனே கிடையாது. தக்காளி, பூண்டு, ஓரெகானோ, எண்ணெய், அவ்வளவுதான்.

இரண்டு ஊருக்கும் பொதுவான ஓர் உபாயம்: ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்கள் உணவில் இருந்தால் கடைக்காரர் தெரிவிக்க வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். இத்தாலிய மெனுக்களில் பெரும்பாலும் அது எண்களாக இருக்கும்: 3 என்றால் முட்டை, 4 என்றால் மீன். ஆனால் இறைச்சி அந்தப் பட்டியலிலேயே இல்லை. கறிச்சாறு பற்றி வாய் திறந்து கேட்டே ஆக வேண்டும்.

ரோமின் நிஜமான ஓட்டை சீஸ். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்கு, பாலைத் திரிய வைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. பெகோரினோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியுடையது. ஊரே கொண்டாடும் காச்சோ எ பேபே பாஸ்தா இந்தப் பெகோரினோவால்தான் ஆனது. இதில் கறாராக இருப்பவர்கள் ரோஸாவிலும் மரினாராவிலும் நின்றுகொள்ளலாம். நான் முதல் நாள் கறாராக இருந்தேன். மூன்றாம் நாள் இல்லை.

உட்கார்ந்து சாப்பிட்டது ஒரே ஒரு ராத்திரி, பழைய யூதக் குடியிருப்பில், போர்த்திகோ தொத்தாவியா பக்கம். 'கார்சோஃபி அல்லா ஜூதியா' என்று ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காயை முழுசாக எண்ணெயில் இரண்டு முறை பொரித்துத் தருகிறார்கள். பழுப்பு நிறச் செவ்வந்திப் பூப்போல விரிந்து வருகிறது. வெளி இதழ்கள் அப்பளமாக நொறுங்குகின்றன, நடுப்பகுதி வெண்ணெய்போல மிருது. கூடவே சிக்கோரியா கீரை, பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கியது. கசப்புக் கீரைப் பொரியல் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. பக்கத்தில் சோறு இல்லாததுதான் குறை. குளிர்கால முடிவிலிருந்து வசந்தம் வரைதான் அந்த ஆர்ட்டிசோக்குக்குப் பருவம். ஆகஸ்ட் வெயிலில் போனால் இந்த வரிகளை மறந்துவிடுங்கள்.

தண்ணீருக்கும் செலவில்லை. தெருவெங்கும் 'நசோனே' என்ற வார்ப்பிரும்புக் குழாய்கள், 1870களிலிருந்து இருப்பவை. மூக்கு போன்ற குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி நேராக வாய்க்கு வரும். முதல் முயற்சியில் கண்ணாடி நனைந்தது.

பெர்லின்தான் சைவத்துக்குச் சொர்க்கம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அங்கே நான் ஒரு பகல் மட்டும் இருந்து ஒரு ஃபலாஃபெல் தின்றவள். அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

பாரிஸ்தான் போக வேண்டும் என்றிருந்தால், அறையை கார் து நோர் ரயில் நிலையத்தின் வடக்கே, லா ஷப்பெல் பக்கம் எடுங்கள். மற்ற இடங்களில் நான் பட்ட பாடு அங்கே இல்லை. ஈழத்திலிருந்து 80களில் வந்தவர்கள் கட்டி எழுப்பிய கடைத்தெரு அது. தமிழில் பலகை, முருங்கைக்காய், புடவைக் கடை, நடந்துபோகும் தூரத்தில் மாணிக்க விநாயகர் ஆலயம். தோசையும் இட்லியும் கிடைக்கும். நான் அதைக் கண்டுபிடித்தது கடைசி ராத்திரியில். ஒரு சின்னக் கடையில் மரக்கறிக் கொத்து ரொட்டி கேட்டேன். உள்ளே கல்லில் தகடுகள் டக டகவென்று அடித்துக்கொண்டிருந்தன. நின்ற பையன் தயங்கிச் சொன்னான்: "அக்கா, முட்டை, இறைச்சி போடாமல் செய்து தரலாம். ஆனா கல்லு ஒண்டுதான், சொல்லிப்போட்டன்." தோசை இருக்கிறதா என்று கேட்டேன். "அது வேற கல்லு" என்றான். மூன்று தோசை சாப்பிட்டேன்.