அஸூர்2 மென்பொருளுடன் பல வருடப் பழக்கம்

தண்டையார்பேட்டையில் முதுகலை இயற்பியல் மாணவர்களுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன். அணுக்கருவின் ஆற்றல் மட்டங்களைக் கரும்பலகையில் கோடு கோடாகப் போட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்தக் கோடுகள்தான் வினை நடக்கும் அளவைத் தீர்மானிக்கின்றன என்பது மனதில் பதிவது, அணுக்கரு வினைகளைக் கணக்கிடும் அஸூர்2 மென்பொருளை ஓட்டிப் பார்க்கும்போதுதான்.

இது இலவச மென்பொருள். இயற்பியலாளர்கள் விக்னரும் ஐசன்பட்டும் 1947-ல் வகுத்த ஆர்-மேட்ரிக்ஸ் முறைதான் அடிப்படை; அணுக்கருவின் மட்டங்களிலிருந்து வினையின் அளவைக் கணக்கிடும் முறை அது. லினக்ஸில் கம்பைல் செய்து நிறுவும்வரை கொஞ்சம் பொறுமை வேண்டும். அதன்பின் சாதாரண லேப்டாப்பே போதும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் தருவது கார்பன்-12 மேல் புரோட்டான் மோதி நைட்ரஜன்-13 ஆகும் வினை. நைட்ரஜன்-13-ல் 2.365 எம்இவி (பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்) உயரத்தில் ஒரு மட்டம். புரோட்டான் பிரிவதற்கான குறைந்தபட்ச ஆற்றல், அதாவது வாசல், 1.943. வித்தியாசமான 0.42 எம்இவி அருகே குறுக்குவெட்டு, அதாவது வினை நடக்கும் வாய்ப்பின் அளவு, சட்டென்று எகிறும். அணுக்கரு வினை அளவீடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் எக்ஸ்ஃபோர் தரவுத்தளத்திலிருந்து அளவீடுகளை எடுத்து, மட்டத்தின் ஸ்பின் (தற்சுழற்சி), பாரிட்டி (கண்ணாடிச் சமச்சீர்), அகலம் கொடுத்தால் வளைவு வந்துவிடும். ஆய்வக ஆற்றலா, மோதும் இரண்டின் நிறை மையத்திலிருந்து பார்க்கும் நிறைமைய ஆற்றலா என்பதை மட்டும் கவனமாகப் பார்க்கச் சொல்வேன்.

இந்த மென்பொருளை நான் விடாமல் பிடித்திருப்பது கார்பன்-12 ஆல்ஃபாவை (ஹீலியம் அணுக்கருவை) விழுங்கி ஆக்சிஜன்-16 ஆகும் வினைக்காக. விண்மீன்களில் கார்பனும் ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் மிஞ்சும் என்பதை முடிவுசெய்யும் வினை இது. அங்கே முக்கியமான ஆற்றல் 300 கேஇவி (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்). அந்த ஆற்றலில் குறுக்குவெட்டு ஏறத்தாழ 10⁻¹⁷ பார்ன் (குறுக்குவெட்டின் அலகு). எந்த ஆய்வகமும் நேரடியாக அளக்க முடியாத சிறுமை. ஆக, மேலே அளந்ததை வைத்துக் கீழே கணித்துதான் ஆகவேண்டும். ஆக்சிஜனின் 7.117 எம்இவி மட்டம் வாசலுக்கு வெறும் 45 கேஇவி கீழே பதுங்கியிருக்கிறது. வாசலைத் தாண்டாத அந்த மட்டமும் 9.585-ல் உள்ள மட்டமும் ஒன்றையொன்று கூட்டுமா கழிக்குமா என்பது ஒரு குறியில் இருக்கிறது. குறியை மாற்றி ஓட்டினால் கீழ்ப்பக்க வளைவே வேறாகிவிடும். இதைத் திரையில் பார்த்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், மேலே ரெண்டு கோடும் புள்ளியைத் தொடுதே, எதை நம்புறது?" அவள் கேட்டதுதான் இந்தத் துறையின் பல்லாண்டு உழைப்பு. 2017-ல் ஆய்வாளர் டிபோயரின் குழு அத்தனை தரவுகளையும் சேர்த்து, அஸூர்2-ஐக் கொண்டே 300 கேஇவிக்கான எஸ்-காரணியை (குறுக்குவெட்டிலிருந்து மின்விலக்கத்தின் விளைவை நீக்கிய அளவை) 140 கேஇவி-பார்ன் என்று மதிப்பிட்டது.

குறைகளும் உண்டு. இது மட்டங்களைக் கண்டுபிடித்துத் தராது. நாம் கொடுப்பதை வைத்துத்தான் கணக்கிடும். மட்டங்களைக் கணிக்க, அணுக்கருவில் துகள்கள் கூடுகளில் அடுக்கியிருப்பதாகக் கொள்ளும் கூடு மாதிரிக் கணக்குகள் வேறு. சேனல் ஆரத்தை, அதாவது அணுக்கரு விசை செயல்படும் உட்பகுதியின் எல்லையை, நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆரத்தை மாற்றும்போது விடை ரொம்ப ஆடினால் பின்னணி மட்டங்கள் (தொலைவிலுள்ள மட்டங்களுக்கு ஈடாகச் சேர்ப்பவை) போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். ஒரே ஆரத்தில் ஓட்டிய முடிவை என் வகுப்பில் ஏற்பதில்லை.

வாசலுக்குக் கீழே உள்ள மட்டங்களின் வலிமையை, ஒரு அணுக்கருவிலிருந்து இன்னொன்றுக்குத் துகள் தாவும் பரிமாற்ற வினைகளின் அளவீடுகளிலிருந்து எடுத்து நேரடியாக உள்ளிடலாம் என்பது பெரிய வசதி. அந்த வினைகளைக் கணக்கிட ஃப்ரெஸ்கோ என்ற ஃபோர்ட்ரான் நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டுக் கோப்பு கண்ணைக் கட்டும். ஆனாலும் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முழுமையாகும்.