மீன் தொட்டிக்கு இடம் சொல்லும் பொறுப்பை விற்பவரிடம் விடாதீர்கள்

மீன் தொட்டி வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், அதை வீட்டில் எங்கே வைப்பது என்பதைக் கடைக்காரரின் முடிவுக்கு விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நாங்கள் அப்படி விட்டதால், ஐந்தே மாதங்களில் 31,000 ரூபாயையும் பதினொரு மீன்களையும் இழந்தோம். கீழ் வீட்டாரிடமும் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று.

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் வசிக்கிறோம். மகளின் பிறந்தநாளை முன்னிட்டு, கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விலை விசாரித்துவிட்டு, கடைசியில் வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவதாகச் சொன்ன எங்கள் பகுதிக் கடை ஒன்றில் 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட தொட்டிக்குப் பணம் கட்டினோம். இடம் பார்க்க வந்தவர் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து, ஈசானிய மூலைதான் தொட்டிக்கு உகந்தது, வேறெங்கு வைத்தாலும் மீன் நிலைக்காது என்று உறுதியாகச் சொன்னார். வாஸ்து பார்ப்பது அவரவர் நம்பிக்கை. அதைப் பற்றி நான் பேச வரவில்லை. ஆனால் எங்கள் கூடத்தின் ஈசானிய மூலையில் கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது. அதையொட்டி பால்கனிக் கதவு. மழைநீர் வடிவதற்காக அங்கே தரை சற்றுச் சரிவாகவே போடப்பட்டிருக்கிறது. இவை மூன்றும் அவர் கண்முன்னே இருந்தன. திசை பார்த்தவர் ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்க்கவில்லை.

தொட்டியில் தண்ணீர் நிரப்பியபோது இடது ஓரத்தில் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டு விரல் அகலம் இருந்தது. வலது ஓரத்தில் ஒரு விரல்தான் இருந்தது. நான் அதைச் சுட்டிக் காட்டியதும், உடன் வந்த பையன் அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, நான்காக மடித்து, ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் செருகினான். "இது போதும் சார், எல்லா வீட்டிலும் இப்படித்தான்" என்றார் கடைக்காரர். அன்றே அந்தத் தொட்டியைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கைச் சொல்ல வேண்டும். அந்த அளவுத் தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கூழாங்கல், ஸ்டாண்டு எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 350 கிலோ வரும். ஐந்து பெரியவர்கள் ஆறு சதுர அடிக்குள் இரவும் பகலும் நகராமல் நிற்பதற்குச் சமம் அது. குடியிருப்பு அறைகளின் தளத்தைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்ற பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கிறார்கள். எங்கள் தொட்டி நின்ற இடத்தில் அது 600 கிலோவைத் தாண்டியது. பளு சுற்றியுள்ள தளத்துக்கும் பரவுவதால் உடனே ஆபத்து என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வளவு பளுவை அடியில் பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பதே முறை என்றும், தாங்குதூண் இல்லாமல் வெளியே நீண்டிருக்கும் பால்கனியிலோ தளத்தின் நடுவிலோ வைக்கக் கூடாது என்றும், பின்னால் வந்து பார்த்த கட்டடப் பொறியாளர் விளக்கினார்.

அந்த இடத்தின் கேடு மூன்றாவது வாரத்திலேயே தெரிந்துவிட்டது. காலை ஆறரை மணியிலிருந்து பத்து மணி வரை நேர்வெயில் கண்ணாடியில் விழுந்ததால் தண்ணீர் பச்சை நிறமாகி, பாசி படிந்து, மீன் கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. கடைக்காரரிடம் கேட்டால் பாசிக்கு மருந்து என்று ஒரு புட்டி, பிறகு இன்னொரு புட்டி, அதன் பிறகு புற ஊதா விளக்குள்ள ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக விற்றார். தொட்டியை ஜன்னலிலிருந்து நகர்த்துங்கள் என்ற ஒரு வார்த்தையை ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. மே மாதத்தில் நீரின் வெப்பம் 34 டிகிரியைத் தொட்டது. வெப்பம் கூடினால் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடியது, 35 டிகிரியில் 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். இரவில் மின்சாரம் போய் ஏர் பம்ப் நின்ற ஒரு நாளின் விடியலில், கோல்டு ஃபிஷ் அத்தனையும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. என் மகள் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் ஏழு இறந்துவிட்டன. மற்ற நான்கும் அந்த வாரத்துக்குள் போய்விட்டன.

ஸ்டாண்டு விஷயத்தில் நடந்தது அப்பட்டமான ஏமாற்று. தண்ணீர் பட்டாலும் கெடாத பிளைவுட் என்று சொல்லித்தான் விற்றார். ஜூன் மாதம் அதன் அடி விளிம்பு ரொட்டி ஊறியதுபோல உப்பியிருந்தது. நகத்தால் சுரண்டியபோது மரத்தூள் உதிர்ந்தது. ஒட்டுப்பசையில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் சன்மைக்கா ஒட்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே சரிந்திருந்த தொட்டி மேலும் சாய்ந்ததில், வலது மூலையின் சிலிக்கான் ஒட்டு பிரிந்து ஓர் இரவு முழுவதும் தண்ணீர் கசிந்தது. கீழ் வீட்டுக் கூடத்தின் மேற்கூரையில் ஈரம் படர்ந்துவிட்டது. ஸ்டாண்டுக்குப் பின்னால், தொட்டியைவிடத் தாழ்வாக இருந்த பிளக்கை நோக்கி ஒயர் வழியே நீர் இறங்கிக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்றும் பதறுகிறது. ஒயரைப் பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும் என்பதைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டபோது, இடம் உங்கள் வீடு, வைக்கச் சொன்னது நீங்கள் என்று கைவிரித்துவிட்டார். அவர் கொடுத்தது "தொட்டி செட்" என்ற இரண்டே சொற்களும் தொகையும் எழுதிய துண்டுச் சீட்டு. அதில் பலகையின் வகையும் இல்லை, கடையின் பெயரும் இல்லை. ஆகவே பணம் கட்டுமுன் ஸ்டாண்டு எதனால் ஆனது, கசிவுக்கு எத்தனை மாதம் பொறுப்பு, பொருத்தித் தருவது யார் என்பதை முறையான பில்லில் எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நானும் துண்டுச் சீட்டையும், கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவையும், உப்பிய பலகையின் படங்களையும் இணைத்து முறையீடு தயாரித்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை தாக்கல் செய்யப் போகிறேன்.